அரிசிக்குள்ள வந்த ஹார்ட் டிஸ்க்: காக்காவோட 2 டிபி கேஸ்

போன மீன்பிடித் தடைக்காலத்துல ஒரு மத்தியானம், கீழக்கரையில கல்யாண வீடியோ எடுக்குற காக்கா ஒருத்தர் (அங்க அண்ணன காக்காம்பாக, அக்காவ லாத்தாம்பாக) என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தாக. கடை மண்டபம்கிற ஊர்ல இருக்கு, ரோட்டுக்கு வடபக்கம் ஒரு கடல் தென்பக்கம் ஒரு கடல், எந்தக் காத்து அடிச்சாலும் உப்பு நமக்குத்தான். காக்கா கையில ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. மூடிய திறந்தா உள்ள அரிசி, அரிசிக்குள்ள புதைச்சு வச்ச எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்.

"என்ன காக்கா, பிரியாணி போடவா?"

"தண்ணில விழுந்த ஃபோன அரிசில போட்டா சரியாகும்ல தம்பி, லாத்தா மகன் சொன்னான்."

"டிஸ்க் தண்ணில விழுந்துச்சா?"

"இல்லயே."

இதுல இருந்தே ஒரு விஷயம் புரிஞ்சிருச்சு, என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி டிஸ்க் பல கைக்குப் போய்ட்டுத்தான் வந்திருக்குன்னு. இந்த மாதிரி கேஸ்ல எனக்கு டிஸ்க்குக்கு என்ன ஆச்சுங்கிறது ரெண்டாவது கேள்விதான், ஆனப்புறம் யார் யார் என்ன செஞ்சாங்கங்கிறதுதான் முதல் கேள்வி. உக்கார வச்சு டீ சொல்லி மெதுவா கேட்டேன்.

டிஸ்க்ல மூணு நிக்காஹ்வோட எடிட் பண்ணாத வீடியோ மொத்தமும் இருக்கு, கேமரா கார்டு எல்லாத்தையும் அடுத்த வேலைக்காக அழிச்சாச்சு, வேற காப்பி கிடையாது. ஒரு மாப்பிள்ளை 12 நாள்ல துபாய் திரும்பணும், அதுக்குள்ள வீடியோ கொடுக்கிறேன்னு வாக்கு குடுத்தாச்சு. ரெண்டு மூணு வாரமாவே கேபிள லேசா தொட்டா லேப்டாப் டிங்குன்னு சத்தம் போட்டு டிரைவ் மறையுமாம், திரும்ப அமுக்குனா வருமாம், அதையே ஒரு பழக்கமாக்கி கேபிளுக்கு அடியில தீப்பெட்டி வச்சு முட்டுக் குடுத்து ஓட்டியிருக்காக. அப்புறம் ஒரு நாள் டிரைவ திறந்தா அக்சஸ் இஸ் டினைட்னு வந்திருக்கு. லாத்தா மகன் இன்ஜினியரிங் மூணாவது வருஷம், டினைட்னு பாத்ததும் இது பர்மிஷன் பிரச்சனைன்னு முடிவு பண்ணி, ஓனர்ஷிப் மாத்துற கமாண்ட எங்கயோ பாத்து டிரைவ் முழுக்கப் போட்டு விட்டுட்டுத் தூங்கப் போய்ட்டான். காலைல எந்திரிச்சுப் பாத்தா கமாண்ட் பாதில நிக்குது, டிரைவ காணோம், புடுங்கி மாட்டினா ஃபைல் கரப்ட்டட் அண்ட் அன்ரீடபிள்னு ஒரு தடவை, ஃபார்மேட் பண்ணவான்னு இன்னொரு தடவை.

பையன திட்ட முடியாது. அந்த மெசேஜ் நிஜமாவே பர்மிஷன் கோளாறுலயும் வரும், வேற கம்ப்யூட்டர்ல உருவாக்குன ஃபோல்டர இங்க திறந்தா வரத்தான் செய்யும், அப்ப ஓனர்ஷிப் மாத்துறதுதான் சரியான வைத்தியம். ஆனா டிரைவ் உள்ள இருக்கிற அட்டவணை கெட்டுப் போனாலும் விண்டோஸ் சில நேரம் இதே வார்த்தையத்தான் சொல்லும். டாக்டர்கிட்ட வயித்து வலின்னு சொல்ற மாதிரிதான், வலி ஒண்ணு, காரணம் பத்து. ரெண்டு வாரமா கேபிள் ஆடி ஆடி மறைஞ்ச டிஸ்க்ல திடீர்னு பர்மிஷன் மட்டும் ஏன் கெடணும்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும். ஓனர்ஷிப் மாத்துறதுன்னா டிரைவ்ல இருக்கிற ஃபைல் ஒவ்வொண்ணோட குறிப்புலயும் போய் எழுதுறது, அதையும் ஆடுற கேபிள்ல ராத்திரி முழுக்க.

சரி, பாக்க ஆரம்பிச்சேன். கம்ப்யூட்டர்ல மாட்டுறதுக்கு முன்னாடி டார்ச்சும் லென்ஸும் வச்சு சாக்கெட்டப் பாத்தேன். சின்ன எக்ஸ்டர்னல் டிஸ்க்ல அகலமா, ரெண்டு பாகமா ஒரு ஓட்டை இருக்கும்ல, அதுக்குள்ள ரெண்டு உடைஞ்ச அரிசி, அரிசி மாவு, அதுக்கும் கீழ பச்சையா ஒரு பூச்சு. பித்தளைக் குத்துவிளக்குல புளி போட்டுத் தேய்ப்போமே, அதே களிம்பு. மேல இருக்கிற தங்கப் பூச்சு தேய்ஞ்ச இடத்துல உள்ள இருக்கிற செம்பு உப்புக் காத்துல பச்சையாயிருக்கு. கேபிள் முனையிலயும் அதேதான். நம்ம ஊர்ல இது அதிசயம் இல்ல, பாம்பன் புதுப் பாலத்துக்கு ரயில்வேயே துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சுன்னு பாத்துப் பாத்துத்தான் கட்டி 2025 ஏப்ரல்ல திறந்தாங்க, இந்தக் காத்துக்கு முன்னாடி ஒரு கேபிள் எம்மாத்திரம்.

அந்த ஓட்டைய பத்தி ஒண்ணு சொல்லிடுறேன், நிறைய பேருக்குத் தெரியாது. ரெண்டு பாகத்துல ஒண்ணு பழைய யூஎஸ்பி 2க்கு, இன்னொண்ணு வேகமான யூஎஸ்பி 3க்கு. வேகமான பாகத்துல களிம்பு ஏறுனா டிஸ்க் சத்தமில்லாம பழைய வேகத்துக்கு இறங்கி ஓடும், நாம என்னடா காப்பி இவ்ளோ ஸ்லோவா போகுதுன்னு வைரஸ் ஸ்கேன் போட்டுக்கிட்டு இருப்போம். பவர் லைன்ல களிம்பு ஏறுனா அது வேற கதை. இந்த 2.5 இன்ச் டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது, சுத்துறதுக்கு வேண்டிய கரண்டும் அதே கேபிள்லதான் வரணும். யூஎஸ்பி 2 போர்ட் தர்ற அளவு 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3ல 900, டிஸ்க் நின்ன நிலையில இருந்து சுத்த ஆரம்பிக்கிற அந்த சில செகண்டுலதான் அது அதிகமா இழுக்கும். என்கிட்ட இருக்கிற யூஎஸ்பி மீட்டர வச்சு காக்காவோட கேபிள்ல பாத்தேன், சும்மா இருக்கும்போது 5 வோல்ட் காட்டுது, டிஸ்க் சுத்த ஆரம்பிச்சதும் 4.3க்கு சரியுது, உடனே டிக்னு ஒரு சத்தம், டிஸ்க் நிக்குது, திரும்ப முயற்சி பண்ணுது. என் கடையில இருக்கிற குட்டை கேபிள்ல 4.9ல நின்னுச்சு.

இந்த டிக் சத்தத்த வச்சுத்தான் பாதிப் பேரு ஹெட், அதாவது டிஸ்க்க படிக்கிற முனை, போச்சுன்னு முடிவு கட்டுறது. பக்கத்துக் கடையில காட்டினப்ப கவர ஒடைச்சு உள்ள இருக்கிற டிஸ்க்க எடுத்து நேரா கம்ப்யூட்டர்ல மாட்டுங்கன்னு சொல்லியிருக்காங்க, நல்லவேளை காக்காவுக்கு மனசு வரல. சில மாடல்ல உள்ள, கம்ப்யூட்டர்ல நேரா மாட்டுறதுக்கான சாட்டா சாக்கெட்டே இருக்காது, யூஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கோட போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கும். சிலதுல நடுவுல இருக்கிற சின்ன போர்டு எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணித்தான் உள்ள எழுதும், பாஸ்வேர்டே வைக்கலன்னாலும், அந்த போர்ட கழட்டிட்டா உள்ள இருக்கிறது வெறும் குப்பையாத்தான் தெரியும். இன்னும் சிலதுல செக்டர், அதாவது டிஸ்க்ல எழுதுற சின்னக் கட்டம், அதோட அளவையே அந்த போர்டு 4096 பைட்டுன்னு மாத்திக் காட்டும், நேரா மாட்டினா பார்ட்டிஷனே இல்லாத மாதிரி இருக்கும். கவர உடைக்கிறது என் லிஸ்ட்ல கடைசி.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, முடி வெட்டின டூத் பிரஷ்ல சாக்கெட்ட மெதுவா தேய்ச்சேன், நாலஞ்சு தடவை, அரைமணி நேரம் ஃபேன்ல காய விட்டேன். குட்டை கேபிள், டெஸ்க்டாப்போட பின்பக்க போர்ட், ஹப் இல்லாம. மாட்டினதும் சீரா ஒரே சுத்தல், டிக் இல்ல. காக்கா முகத்துல அல்ஹம்துலில்லாஹ். அவுக அப்பவே எந்திரிச்சுட்டாக, நான் உக்காருங்கன்னேன்.

ஏன்னா அடுத்த செகண்டே விண்டோஸ் கேட்டுச்சு, இந்த டிஸ்க்க யூஸ் பண்ணனும்னா ஃபார்மேட் பண்ணணும், பண்ணவா? கேன்சல். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய்ப் பாத்தா 1863 ஜிபின்னு சைஸ் சரியா காட்டுது, (2 டிபி அங்க அப்படித்தான் தெரியும், 137 ஜிபி எங்க போச்சுன்னு யாரும் பதற வேணாம்), ஆனா என்டிஎஃப்எஸ்னு, அதாவது விண்டோஸ் ஃபைல அடுக்கி வைக்கிற முறையோட பேரு, இருக்க வேண்டிய இடத்துல ரா (RAW), உள்ள என்ன அடுக்குன்னே தெரியலங்குது. வெறுமனே டிரைவ் லெட்டர் விட்டுப் போயிருந்தா இதே ஜன்னல்லயே லெட்டர் குடுத்து அஞ்சு நிமிஷத்துல அனுப்பியிருப்பேன். இது அது இல்ல. கேபிள் ஒரு நோய், அது குணமாயிருச்சு, ஆனா அந்த நோய் இருந்தப்ப உள்ள ஒரு காயம் பண்ணிட்டுப் போயிருக்கு.

இங்கதான் எல்லாரும் செக்டிஸ்க், விண்டோஸோட கூடவே வர்ற டிஸ்க் சரி பண்ற கமாண்ட், அதப் போடுவாங்க. நான் போடல. ரான்னு இருக்கும்போது அது முடியாதுன்னு சொல்லிரும், அது பரவாயில்ல, ஆனா சில நேரம் கதவு பாதி திறந்திருக்கும், அப்ப செக்டிஸ்க் உள்ள போய், படிக்க முடியாத குறிப்ப எல்லாம் வெட்டித் தள்ளிட்டு டிரைவ ஒழுங்கு பண்ணிட்டேன்னு சொல்லும். அதோட வேலை டிரைவோட ஃபைல் சிஸ்டம ஒழுங்கா வைக்கிறது, உங்க வீடியோவ காப்பாத்துறது இல்ல.

முதல்ல டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கிற சாஃப்ட்வேர்ல பாத்தேன். மஞ்சக் கலர், காஷன். சி5ங்கிற வரில, அதாவது படிக்க முடியாம காத்துக் கிடக்குற செக்டர் எத்தனைங்கிற வரில, 30. இந்த 30 முப்பது இல்ல, அந்த சாஃப்ட்வேர் சும்மா விட்டா பதினாறடிமானத்துலதான் (பத்து பத்தா எண்ணாம பதினாறு பதினாறா எண்ணுற முறை) காட்டும், நம்ம கணக்குல 48. 48ங்கிறது எட்டால வகுபடுது பாருங்க, இப்ப வர்ற டிஸ்க்ல நிஜ செக்டர் 4 கேபி, வெளிய 512 பைட் எட்டாப் பிரிச்சுக் காட்டும், அப்ப உண்மையில ஆறு இடம்தான் காயம். கையளவு காயம்தான், ஆனா எங்க பட்டிருக்குங்கிறதுதான் கேள்வி.

காக்காகிட்ட சொன்னேன், இதுல இனிமே ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது, முழுசா ஒரு காப்பி எடுத்துட்டு காப்பிலதான் வைத்தியம், புது டிஸ்க் ஒண்ணு வேணும். "ஃபைல் நாலு இருக்கு, அத மட்டும் எடுத்துக் குடுங்க தம்பி, புது டிஸ்க் எதுக்கு"ன்னாக. அந்த நாலு எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணைதான் காக்கா படிக்க மாட்டேங்குதுன்னேன். சாயங்காலம் ராமநாதபுரம் போய் 4 டிபி வாங்கிட்டு வந்தாக, கூட லாத்தா மகனும். பையன் மூஞ்சி செத்த மீன் மாதிரி இருந்துச்சு, அவனையே பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டேன்.

விண்டோஸ விட்டுட்டு லினக்ஸ் பென் டிரைவ்ல பூட் பண்ணி, டிஸ்க் தானா மவுண்ட் ஆகுறத, அதாவது மாட்டினதும் கம்ப்யூட்டரே திறந்துக்கிறத, நிறுத்திட்டு, டிடிரெஸ்க்யூங்கிற காப்பி எடுக்கிற புரோகிராம். இது சாதாரண காப்பி மாதிரி இல்ல. சாதாரண காப்பி ஒரு கெட்ட செக்டர்ல முட்டினா அங்கயே நின்னு மண்டைய உடைச்சுக்கும், டிஸ்க்கும் சேர்ந்து சாகும். இது முதல் சுத்துல நல்ல இடத்த எல்லாம் அள்ளிக்கிட்டு, முட்டுன இடத்த தாண்டிப் போய்ட்டு, எது எடுத்தாச்சு எது பாக்கின்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதி வச்சுக்கும், அப்புறம் திரும்ப வந்து பாக்கிய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா சொரண்டும். நடுவுல நிறுத்தினாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும், நம்ம ஊர் கரண்டுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஒரே பயம், எது பழசு எது புதுசுன்னு மாத்திக் குடுத்துட்டா பழசு மேலயே எழுதிரும், அத்தோட கதை முடிஞ்சுச்சு. அதனால ரெண்டு டிஸ்க் மேலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி பழசு, புதுசுன்னு பேனாவுல எழுதி, ஸ்கிரீன்ல வர்ற சீரியல் நம்பர கவர் மேல இருக்கிற நம்பரோட லாத்தா மகன விட்டு சத்தமா படிக்கச் சொல்லி ரெண்டு தடவை சரி பாத்துட்டுத்தான் என்டர் தட்டுனேன். டிஸ்க்குக்கு நேரா டேபிள் ஃபேன்.

ராத்திரி 8 மணிக்கு ஆரம்பிச்சது. செகண்டுக்கு 100 எம்பி கிட்ட போகும், உள்பக்கம் போகப் போக வேகம் குறையும், எப்படியும் விடிஞ்சிரும்னு கணக்கு. 1.40க்கு கரண்ட் போச்சு. யூபிஎஸ் கத்துற சத்தத்துல முழிச்சு, டிடிரெஸ்க்யூவ ஒழுங்கா நிறுத்தி, மெஷின அணைச்சுட்டு, வெளிய வந்து உக்காந்தேன், காத்து சுத்தமா இல்ல, தடைக்காலம்கிறதுனால கரையில போட் எல்லாம் வரிசையா அசையாம நிக்குது. கரண்ட் வந்தப்ப 4 மணி. விட்ட இடத்துல இருந்து ஓடுச்சு, காலைல 9 மணி வாக்குல முதல் சுத்து முடிஞ்சுது, அப்புறம் சொரண்டல், மூணு மறு முயற்சி. கடைசில மிச்சம் 24 கேபி. ஆறு இடம், அதே ஆறு, கடைசி வரைக்கும் மசியல. 2 டிபில 24 கேபி.

இப்ப பழைய டிஸ்க்க கழட்டி மேசை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன். இனிமே எல்லாம் இமேஜ் ஃபைல்லதான், அதாவது டிஸ்க் முழுசையும் ஒரே ஃபைலா எடுத்து புதுசுல வச்ச அந்தக் காப்பிலதான்.

அந்த ஆறு இடத்துல எந்த ஃபைல் இருந்துச்சுன்னு கண்டுபுடிக்க ஒரு வழி இருக்கு. டிடிரெஸ்க்யூலயே ஃபில் மோட்னு ஒண்ணு, மேப் ஃபைல பாத்து, எடுக்க முடியாத இடத்துல மட்டும் நாம சொல்ற ஒரு வார்த்தைய காப்பில நிரப்பும், அப்புறம் ஃபைல் எல்லாத்துலயும் அந்த வார்த்தையத் தேடினா சேதமான ஃபைல் எதுன்னு தெரிஞ்சிரும். இத ரிப்பேருக்கு முன்னாடி செய்யணும், பின்னாடி செஞ்சா ரிப்பேர் பண்ணின இடத்து மேலயே போய் எழுதிரும். நான் ஒரு தடவை அப்படிச் செஞ்சு முழிச்சிருக்கேன்.

அடுத்து டெஸ்ட்டிஸ்க்ங்கிற ரிப்பேர் புரோகிராம இமேஜ் மேல ஓட்டினேன். பூட் செக்டர், அதாவது பார்ட்டிஷனோட முதல் செக்டர், நல்லா இருக்கு, அதோட நகலும் நல்லா இருக்கு. எம்எஃப்டி மோசம், எம்எஃப்டி மிரர் நல்லா இருக்கு. பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, ஆறுல ஒரு காயம் எங்கன்னு தெரிஞ்சு போச்சு. எம்எஃப்டிங்கிறதுதான் என்டிஎஃப்எஸ்ஸோட பேரேடு, ஒவ்வொரு ஃபைலுக்கும் 1 கேபி அளவுல ஒரு குறிப்பு. அதுல முதல் நாலு குறிப்பு ஊர்க் கணக்கு மாதிரி, பேரேட்டப் பத்தின குறிப்பு, அதோட நகலப் பத்தி, லாக் பத்தி, வால்யூம் பத்தி. நாலு குறிப்பு, 4 கேபி, அப்படியே ஒரு நிஜ செக்டர். அந்த ஒத்த செக்டர்ல எழுதிக்கிட்டு இருக்கும்போது பவர் சரிஞ்சா நாலும் ஒண்ணா போகும். என் கணக்கு இதுதான், ஓனர்ஷிப் கமாண்ட் ஓடுன ராத்திரில எழுத்து அதிகம், கேபிள் ஆட்டம் அதிகம், ஏதோ ஒரு நேரத்துல ரெண்டும் ஒண்ணா அமைஞ்சுது. அதுக்கு முந்தியே அக்சஸ் டினைட் வந்தாச்சே, அப்ப காயம் முன்னாடியே பட்டிருக்கலாமேன்னு லாத்தா மகன் கேட்டான். நியாயமான கேள்வி, மிச்ச அஞ்சுல ஏதாச்சும் முன்னாடியே பட்டதா இருக்கலாம், எது எப்பன்னு டிஸ்க் தேதி போட்டு வைக்கிறதில்ல.

என்டிஎஃப்எஸ் செஞ்ச புண்ணியம், இந்த முதல் நாலு குறிப்புக்கும் டிஸ்க்ல வேற இடத்துல ஒரு நகல் வச்சிருக்கும், அதுதான் மிரர். விண்டோஸ் தானா அந்த நகல எடுத்துக்கணும்னுதான் ஏற்பாடு, இங்க ஏனோ அது நடக்கல. டெஸ்ட்டிஸ்க்ல ரிப்பேர் எம்எஃப்டி குடுத்தா, மிரர வச்சு எம்எஃப்டிய சரி பண்ணவான்னு கேட்கும். திசைய கவனிக்கணும், கெட்டத வச்சு நல்லதச் சரி பண்ணிறக் கூடாது. எஸ் குடுத்தேன், ரெண்டு செகண்டு வேலை. அந்த ரெண்டு செகண்டுக்குத்தான் ராத்திரி பூரா முழிப்பு.

இமேஜ படிக்க மட்டும்னு மவுண்ட் பண்ணினேன். ஃபோல்டர் வரிசையா வந்து நின்னுச்சு. நிக்காஹ் மூணும், அதுக்குக் கீழ மருதாணி, வலீமா, ட்ரோன்னு எல்லாம். இன்னொரு ஃபோல்டர், வாப்பான்னு மட்டும் பேரு, உள்ள ஒரே ஒரு வீடியோ. காக்கா அத மட்டும் போடச் சொல்லி சத்தமில்லாம பாத்துட்டு, பரவாயில்ல மூடிருங்கன்னாக. அதப் பத்தி முன்னாடி ஒரு வார்த்தை சொல்லல.

1.4 டிபி காப்பி ஆக அன்னைக்குப் பகல் போயிருச்சு. நிரப்பின வார்த்தையத் தேடினதுல ரெண்டு கிளிப் மாட்டுச்சு, ஒண்ணுல மூணு இடம், இன்னொண்ணுல ஒரு இடம், மிச்சம் ஒண்ணு காலி இடத்துல போய்டுச்சு. முதல் கிளிப்ல பந்தல்ல சாப்பாடு பரிமாறுற காட்சி, அரை செகண்டு கட்டம் கட்டமா பச்சையடிச்சு சரியாகுது. ரெண்டாவது ட்ரோன் ஷாட், கண்ணுக்கே தெரியல. "அந்த மாமா முகத்துலதான் கட்டம் விழுகுது, அவர் சண்டைக்காரர், வெட்டிரலாம்"னாக காக்கா.

பழைய டிஸ்க்க ஃபார்மேட் பண்ணிப் பாட்டு ஏத்தவாச்சும் வச்சுக்கலாமான்னு கேட்டாக. ஃபார்மேட் பண்ணி எழுதினா அந்த ஆறு செக்டரும் சில நேரம் சரியானதாக்கூடக் காட்டும், சி5 பூஜ்யமாகும், அத நம்பி திரும்ப கல்யாணத்த ஏத்துவாகன்னு எனக்குத் தெரியும், அதனால துபாய் மாப்பிள்ளை வீடியோ கையில குடுக்கிற வரைக்கும் டிராயர்ல கெடக்கட்டும்னுட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு வந்தாக, கையில கீழக்கரை தொதல் அல்வா ஒரு கிலோ. மாப்பிள்ளை வீடியோவோட ஏறியாச்சாம். புது டிஸ்க்க எப்படி வச்சிருக்கீகன்னு கேட்டேன். இறுக்கமா மூடுற டிபன் பாக்ஸ்ல, ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் ரெண்டு பாக்கெட் போட்டு, கேபிளத் தனியா சுருட்டி, எல்லாம் சொன்னபடியே. ரெண்டாவது காப்பி? அது இன்னும் வாங்கலயாம், அடுத்த கல்யாண அட்வான்ஸ் வந்ததும் வாங்கிறாகளாம். லாத்தா மகன் மட்டும் பின்னாடி நின்னுக்கிட்டு அந்த பழைய கேபிள எனக்குத் தர்றீங்களான்னு கேட்டான், தரமாட்டேன்னு சொல்லி ஆணில மாட்டி வச்சிருக்கேன்.